அண்ணி இழுத்த சிவப்பு வயர்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் அழும். கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். பிறகு கைக்குழந்தை மாதிரி வீறிட்டு அழத் தொடங்கும். முட்டைத் தட்டுக்குப் பின்னால் ஒரு பொம்மையின் தொண்டை ஒளிந்திருக்கிறது. அதை அங்கே வைத்தவள் என் அண்ணி.

சின்ன அண்ணன் லாரி ஓட்டுகிறான். அண்ணி அதை வைத்தபோது அவன் வெளியூர் ஓட்டம் போயிருந்தான். விடிகிற நேரத்தில் களைத்துப்போய் வந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறான். குழந்தையே இல்லாத வீட்டில் குழந்தை அழுகிறது. ஓடிவந்து எங்களை எழுப்பினானே, அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அண்ணி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "பாலுக்கு அழலை. கதவைச் சாத்துங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அண்ணிக்கு வேலை பொம்மைத் தொழிற்சாலையில். பேசுகிற, பாடுகிற, நடக்கிற பொம்மைகள் எல்லாம் கடைசியாக அவள் மேஜைக்குத்தான் வரும். வயிற்றை அமுக்கிப் பார்க்கவேண்டும். பேசினால் அட்டைப்பெட்டி, பேசாவிட்டால் கூடை. கூடையில் விழுந்தவை பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போகும். அண்ணி வேலை முடிந்து வரும் வழியில் அந்தக் கடையில் ஏறி, அதே பொம்மைகளைத் தேடி எடுத்துக்கொண்டு வருவாள். காலையில் தானே தள்ளிவிட்டதைச் சாயங்காலம் தானே கெஞ்சி வாங்க வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்வாள். மோட்டார், ஸ்பீக்கர், சின்ன விளக்கு, தலைமுடி அளவுக்கு மெல்லிய வயர் என்று எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து அவளுடைய பிஸ்கட் டப்பாக்களுக்குள் போகும்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோதே அவள் பெட்டியில் துணிக்கு நடுவே அப்படி ஒரு டப்பா இருந்தது. பத்திரமாகச் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்து அம்மா வேறெதையோ நினைத்துக்கொண்டாள். திறந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "நகை இருக்கும்னு பாத்தா நட்டு இருக்குடி," என்றாள். அன்றிலிருந்து அம்மா அவளுக்கு வைத்த பெயர் குரங்குக் கை. சும்மா இருக்காதாம்.

அண்ணி இதையெல்லாம் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. செல்போனில் வீடியோ பார்ப்பாள். உலகத்தின் ஏதேதோ மூலையிலிருந்து ஏதேதோ பாஷையில் ஆட்கள் பேசிக்கொண்டே செய்துகாட்டுவார்கள். அண்ணி முதல் காரியமாகச் சத்தத்தை நிறுத்திவிடுவாள். பேச்சைக் கேட்டால் குழப்பம், கையைப் பார்த்தால் போதும் என்பது அவள் கட்சி. சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதி அவளுடையது. ஈயம் உருக்கும் சூட்டுக்கோலில் புகை கிளம்பினால் ஊதுவதற்காக உதட்டைக் குவித்தபடியே வேலை செய்வாள். நான் எதிரே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டோ பட்டாணி உரித்துக்கொண்டோ பார்த்திருப்பேன். நான் வேலை செய்வது துணிக்கடையில், வாடிக்கையாளர் வராத பின்பக்க அறையில், துணி மடிக்கிற வேலை. எனக்குப் பேச்சு வராது, பார்க்க வரும். அதனால் அண்ணிக்கு நான் கேமரா.

"கேமரா, இப்ப நான் எதை எங்க வச்சேன்?" என்பாள். அவள் வைத்த இடத்தை நான் சொல்வேன். எங்கள் இருவருக்கும் நடுவே பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

அவள் செய்தவற்றில் பாதி எதற்கும் உதவாதவை. கையை நீட்டினால் பாடுகிற சோப்புப்பெட்டி ஒன்று இருந்தது. ஈரம் பட்டதும் இழுவை ஸ்வரத்தில் பாடி உயிரை விட்டது. வெயில் வந்தால் தானே விலகும் திரை ஒன்று செய்தாள். மேகம் ஓடுகிற நாளில் அது மூடித் திறந்து மூடித் திறந்து, எதிர்வீட்டுக்காரர் தன்னை யாரோ எட்டிப்பார்ப்பதாகச் சண்டைக்கு வந்தார். பல் துலக்கும் பிரஷின் தலையை வெட்டி, அதன் முதுகில் செல்போனுக்குள் இருக்கும் அதிர்கிற மோட்டாரை ஒட்டி ஒரு பூச்சி செய்தாள். அது தையல் மெஷினுக்கு அடியில் ஊர்ந்து நூல் பிசிறைக் கூட்டித் தள்ளவேண்டும். முதல் நாளே அம்மா அதைக் கரப்பான் என்று செருப்பால் அடித்துவிட்டாள். பிறகு குனிந்து எடுத்து, திருப்பிப் பார்த்து, விரலால் மோட்டாரைக் கொஞ்சம் நகர்த்தித் தரையில் விட்டாள். "இடது பக்கமா இழுத்துச்சு. இப்ப நேராப் போகும்," என்றாள். நேராகத்தான் போனது. அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அப்பா இருந்தவரை எங்கள் முன்னறை மின்விசிறியும் ரேடியோவும் ரிப்பேர் செய்கிற கடையாக இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியும். அப்பாவுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: சத்தம் போட்டா திற, மினுக்கினா முறுக்கு. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு பொருள் சத்தம் போட்டால் அது எதையோ சொல்ல வருகிறது என்று தோன்றாது. அது கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும். அப்பாவுக்குப் பிறகு அதே முன்னறையில் அம்மா மோட்டார் வைத்த மெஷினைப் போட்டு, ஜன்னல் திரையும் சோபா உறையும் தைக்கத் தொடங்கினாள். வாய்ப்பாடு மட்டும் மாறவில்லை.

அம்மாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. ஆனால் அதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. உலகம்தான் வாய்க்குள் பேசப் பழகிவிட்டது என்பாள். பெரிய அண்ணன் வேறு ஊரில் அச்சகம் ஒன்றில் மேலாளர். அவர் நல்ல காதுக் கருவியாகப் பார்த்து வாங்கி வந்தார். முதல் நாள் அது கீச்சென்று விசிலடித்தது. பெரிய அண்ணன் பஸ் ஏறுவதற்குள் அம்மா அதைத் திறந்துவிட்டாள். மீண்டும் பூட்டியபோது ஏதோ ஒன்று மிச்சமாகக் கையில் நின்றது. இப்போது அது பொத்தான் டப்பாவில் பொத்தான்களோடு கிடக்கிறது. இரண்டாவது கருவி பேச்சை எடுத்தபோது, "செவிட்டுக் கருவி எல்லாம் செவிடங்களுக்கு வாங்கிக்குடு," என்று முடித்துவிட்டாள்.

அண்ணி மட்டும் அம்மாவிடம் ஒருநாளும் கத்திப் பேசியதில்லை. எங்கே இருந்தாலும் எழுந்து வந்து, அம்மாவுக்கு எதிரே நின்று, சாதாரணமாகப் பேசுவாள். அம்மா அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, உடனே திட்டுவாள்.

பகலில் அம்மா தனியாகத்தான் இருப்பாள். முன்பு ஒருமுறை யாரோ உள்ளே வந்து, தைத்து மடித்து வைத்த திரைக்கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் தைப்பாள். மணி அடித்துப் பார்த்துத் திரும்பிப்போன வாடிக்கைக்காரர்கள் சாயங்காலம் தெருவில் என்னைப் பிடித்துக் குறைசொல்வார்கள். அம்மாவிடம் சொன்னால், அவர்கள் வரவே இல்லை, பொய் சொல்கிறார்கள் என்பாள்.

ஒருநாள் பின்கட்டில் மின்அடுப்பில் வைத்த பாத்திரம் தண்ணீர் வற்றித் தீய்ந்தது. புகையைச் சமையலறை மின்விசிறி பக்கத்து வீட்டுக்குள் தள்ளியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து மணி அடித்து, கதவை இடித்து, கடைசியில் முன்னறை ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். அம்மா அப்போதும் தலைநிமிரவில்லையாம். கண்ணாடித் துண்டு துணியின்மேல் வந்து விழுந்த பிறகுதான் மெஷினை நிறுத்திவிட்டு, எதற்காக என் வீட்டு ஜன்னலை உடைக்கிறாய் என்று அவரிடம் சண்டைக்குப் போயிருக்கிறாள்.

சேதி கேட்டுப் பெரிய அண்ணன் மறுநாளே வந்துவிட்டார். தன்னோடு அழைத்துப்போவதாகச் சொன்னார். அவர் வீடு மாடியில், நல்ல வீடு, அம்மாவுக்குத் தனி அறைகூட இருக்கிறது. மெஷின் சத்தம் மட்டும் கீழ்வீட்டுக்காரர்களுக்கு ஆகாது. "அங்க உக்காந்துட்டு என்ன பண்றது? சுவத்தையா தைக்கறது?" என்றாள் அம்மா. அவர் அம்மாவிடம் மேலே வாதாடவில்லை. போகும்போது அண்ணியையும் என்னையும் வாசல்படிக்குக் கூப்பிட்டார்.

"ஒருநாள் சொல்லாம வருவேன்," என்றார். "மணி அடிப்பேன். ஒரு வாடிக்கைக்காரர் எவ்வளவு நேரம் நிப்பாரோ அவ்வளவு நேரம் நிப்பேன். அம்மா வந்து கதவைத் திறந்தா அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கமாட்டேன். திறக்கலைன்னா என்கூட வந்துடணும். நீங்க யாரும் திறக்கக் கூடாது. எனக்கு மட்டும் அம்மாவைப் பிடுங்கிட்டுப் போகணும்னு ஆசையா? ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. அண்ணி வெகுநேரம் வாசல் மணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அத்தை போயிட்டா என்னை யாரு திட்டுவா, கேமரா?" என்று கேட்டாள். சிரிக்கத்தான் நினைத்திருப்பாள். சரியாக வரவில்லை.

அன்றே வேலை தொடங்கியது. இது காதுக்காகச் செய்வது என்று அம்மாவுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் பொத்தான் டப்பாவுக்குப் போய்விடும்.

முதலில் அதிர்வு. வாசல் மணியை அமுக்கினால், அம்மா காலால் மிதிக்கும் தையல் பெடலுக்குள் ஒரு குட்டி மோட்டார் துடிக்கும்படி செய்தாள். மேஜையில் வைத்துப் பார்த்தபோது அருமையாகத் துடித்தது. ஆனால் மெஷின் ஓடும்போது பெடல், மேஜை, தரை எல்லாமே அதிர்கின்றன. பெருமழையில் ஒரு சொட்டு தனியாகத் தெரியுமா? மெஷின் நின்றிருந்த ஒரே ஒருமுறை அம்மாவின் காலில் அது உறைத்தது. அவள் உடனே பெடலைத் திறந்து, எண்ணெய் விட்டு, உள்ளே இருந்த குட்டி மோட்டாரை, "யாருதுடி இது, இங்க வந்து விழுந்து கிடக்கு?" என்று என்னிடம் எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்தது வெளிச்சம். முன்னறைக் கூரையில் விளக்கு வைத்தால் பயனில்லை, அம்மா நிமிரமாட்டாள். அவள் கண் நாள் முழுக்க இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான், ஊசிமுனை. அதற்குமேல் மெஷினின் கழுத்தில் ஒரு சின்ன விளக்கு உண்டு. மணி அமுக்கினால் அந்த விளக்கு மினுக்கவேண்டும் என்று அண்ணி முடிவுகட்டினாள்.

அதற்கு அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். வாசலில் இருக்கும் பொத்தானுக்கும் விளக்குக்கும் நடுவே வயரே இல்லாமல் செய்யவேண்டும் என்று அவளுக்கு ஆசை. பொம்மைக் காரை ஓட்டும் ரிமோட்டைப் பிரித்தாள். பாதியை வாசல் பொத்தானுக்குள்ளும் பாதியை விளக்கின் அடியிலும் வைத்தாள். முதலில் எதிர்வீட்டுப் பிள்ளைகள் கார் ஓட்டினால் எங்கள் விளக்கு மினுக்கியது. அதைச் சரிசெய்ய இன்னும் சத்தமில்லாத வீடியோக்கள், இன்னும் ஈயப்புகை. கடைசியில் ஒரு சாயங்காலம் என்னை வாசலுக்கு அனுப்பி அமுக்கச் சொன்னாள். நான் அமுக்கிவிட்டு ஓடிவந்து பார்த்தேன். ஊசிக்குமேல் விளக்கு படபடவென்று கண்ணிமைப்பது போல மினுக்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. என் விரல் செய்த வேலை அறையைத் தாண்டி வந்து எனக்கு முன்னால் நின்றதுபோல இருந்தது. இத்தனை நாள் பார்த்தும் அதற்குமுன் எனக்கு அந்த ஆசை வந்ததில்லை. அன்றைக்குத்தான் இதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கவேண்டும் போலிருந்தது.

அம்மாவிடம், பழைய விளக்கு மங்கிவிட்டது, பேட்டரியில் எரிகிற புதிது போட்டிருக்கிறேன் அத்தை என்று அண்ணி சொன்னாள். நல்ல வெளிச்சமாகத்தான் இருந்தது. அம்மா, "ம்" என்றாள்.

என் வாராந்தர விடுமுறை நாளில் நான் வாசல்பக்கம் போய் அமுக்கிவிட்டு, பக்கவாட்டு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். விளக்கு மினுக்கியது. அம்மா பார்த்துவிட்டாள். மெஷினை நிறுத்தினாள். அம்மா கையை நீட்டி, விளக்கை ஒரு சுற்று முறுக்கினாள். மினுக்கல் அதற்குள் தானாக நின்றிருந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் தைக்கத் தொடங்கினாள்.

மினுக்கினா முறுக்கு.

மறுபடி அமுக்கினேன். மறுபடி முறுக்கினாள். அடுத்தமுறை விளக்கைக் கழற்றித் துணியால் துடைத்துப் போட்டாள். அதற்கும் அடுத்தமுறை, "குரங்குக் கை வாங்கின விளக்கு இப்படித்தான் இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே விளக்கை மொத்தமாகப் பிடுங்கி வைத்துவிட்டு, மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் நான் இதையெல்லாம் அண்ணியிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. பெரியவர் எந்த நாளும் வரலாம். அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே இல்லை என்று தலையாட்டினாள்.

"முறுக்கியும் நிக்கலைன்னா அத்தை என்ன செய்வாங்க? நல்லா யோசிச்சுச் சொல்லு," என்றாள்.

நான் பட்டாணித் தோலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். விளக்கைப் பிடுங்கினாள், அதுதான் பார்த்தது. ஆனால் அது அம்மாவின் வழக்கமில்லை. மின்விசிறியோ ரேடியோவோ என்றால் அப்படி விட்டுவிடமாட்டாள். அப்போதுதான் அப்பாவின் வாய்ப்பாட்டில் இன்னொரு வரி உண்டு என்பது ஞாபகம் வந்தது. ரொம்ப நாளாக யாரும் சொல்லாததால் அது என் மனதின் அடியில் போய்க் கிடந்தது. சத்தம் போட்டா திற, மினுக்கினா முறுக்கு, முறுக்கியும் அடங்கலைன்னா வயரைப் பிடிச்சுப் போ. அம்மா சுவரோரம் வயரை விரலால் தடவிக்கொண்டே வீடு முழுக்க நடப்பதை நான் சின்ன வயதில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எந்த வயரையும் கடைசிவரை போய்ப் பார்க்காமல் அவள் விட்டதில்லை.

"இந்த விளக்குக்கு வயர் இல்லையே அண்ணி," என்றேன். "அம்மா எதைப் பிடிச்சுப் போவாங்க?"

அண்ணி என்னையே பார்த்தாள். பிறகு நாற்காலி பின்னால் விழுகிற வேகத்தில் எழுந்து, பிஸ்கட் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். நல்ல தடிமனான சிவப்பு வயர் ஒரு சுருள் அகப்பட்டது.

மெஷினைப் பழைய இடத்துக்கு இழுத்து, விளக்கைத் திரும்ப மாட்டினாள். அதன் கழுத்திலிருந்து சிவப்பு வயரை எடுத்து, மேஜை விளிம்பு வழியாகச் சுவருக்குக் கொண்டுபோய், ஆள் கை படுகிற உயரத்தில் சுவர் முழுக்க இழுத்து, செருப்பு அலமாரிக்கு மேலே கொண்டுபோய், கதவுத் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் நுழைத்துவிட்டாள். வெள்ளைச் சுவரில் அது பேனாவால் கோடு கிழித்தது போலத் துருத்திக்கொண்டு நின்றது.

"இதுல கரண்ட் எப்படிப் போகும்?" என்று கேட்டேன்.

"போகாது. விளக்கு காத்துலயே நல்லா வேலை செய்யுதே, அதை எதுக்குக் கலைக்கணும்? இது கரண்டுக்கு இல்லை. அத்தைக்கு."

அம்மா அதைப் பார்த்துவிட்டு, சுவரை நாசமாக்கிவிட்டாள் என்று ஒருபாடு திட்டினாள். அண்ணி எதிரே நின்று, விளக்கில் லூஸ் கனெக்ஷன் இருந்தது, சரிசெய்துவிட்டேன் என்றாள். இனி யாரும் அமுக்கிச் சோதிக்கக்கூடாது என்று எனக்குத் தடை போட்டாள். அடிக்கடி மினுக்கினால் பழையபடி பிடுங்கிவிடுவார்கள் என்று பயம்.

பெரிய அண்ணன் வந்தது என் விடுமுறை நாளில். அண்ணி தொழிற்சாலையில் இருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து முன்னறை முழுக்கத் தெரியும். மணி அடித்தது. எங்கள் வாசல் மணி ஊரையே எழுப்புகிற மணி. அம்மா ஒரு நீளமான திரைத்துணியை மெஷினுக்குள் ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கவாட்டு ஜன்னலில் பெரிய அண்ணனின் தோளும் பையும் தெரிந்தன.

கதவுக்கும் எனக்கும் நடுவே சில அடிதான். போய்த் திறந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன்.

விளக்கு மினுக்கியது. அம்மா மெஷினை நிறுத்தினாள். கையை நீட்டி விளக்கை முறுக்கினாள். ஊசிக்கு நூல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

இரண்டாவது மணி. விளக்கு மினுக்கியது. அம்மா உச்சுக்கொட்டினாள். விளக்கைத் தட்டினாள். பிடுங்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் கை விளக்கின் கழுத்தில் நின்றது. சிவப்பு வயரைத் தொட்டது. லேசாக இழுத்துப் பார்த்தது.

அம்மா எழுந்தாள். ஒரு கையில் கத்தரிக்கோல், இன்னொரு கையின் இரண்டு விரலுக்கு நடுவே வயர். மேஜை விளிம்பு வரை போனாள். சுவருக்குத் திரும்பினாள். எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே எலி கடித்திருக்கிறது என்று ஒவ்வொரு சாணாக நிதானமாகத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவ்வளவு நிதானம் தேவையில்லை அம்மா என்று எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. கத்தினாலும் கேட்காது.

மூன்றாவது மணி அடித்தது. இப்போது மினுக்குவதைப் பார்க்க அங்கே ஆளில்லை. அம்மா செருப்பு அலமாரியருகே நின்று, வயர் வளைகிற இடத்தை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் தெரிந்த தோள் விலகியது. படியில் செருப்புச் சத்தம் ஒவ்வொன்றாக இறங்குவது எனக்குக் கேட்டது.

அம்மா தாழ்ப்பாளருகே இருந்த பெட்டியைத் தட்டினாள். உள்ளே நுழைந்த வயர் கதவுக்கு அந்தப் பக்கம் போகிறதா என்று சட்டத்தைப் பார்த்தாள். பார்த்தவள் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தாள்.

பெரிய அண்ணன் தெருவில் இறங்கி முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார்.

அம்மா கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்தாள். வாசல் பொத்தானைப் பார்த்தாள். கையிலிருந்த வயரைப் பார்த்தாள். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில், "மணி அடிச்சிட்டு எங்கடா போறே?" என்றாள்.

அவர் திரும்பி நின்ற நிலையை என்னால் சொல்ல முடியவில்லை. பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் தொங்கியது. "கேட்டுச்சாம்மா?" என்றார்.

"கேக்காம எப்படித் திறந்தேன்? ஒருத்தி எழுந்து வர்றதுக்குள்ள அவசரம். வா, உள்ள வா."

அந்த நொடியில் அம்மாவுக்கு எவ்வளவு தெரிந்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்டதில்லை. பெரிய அண்ணன் மத்தியானம் சாப்பிட்டு, சாயங்காலம் வரை இருந்து, தன் வீட்டு ஜன்னலுக்குத் திரைக்கு அளவு சொல்லிவிட்டுப் போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கூட்டிப்போகும் பேச்சை எடுக்கவே இல்லை. போகும்போது சுவரில் சிவப்புக் கோட்டைப் பார்த்து நின்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பாத்திரத்தைத் துடைத்தேன்.

அண்ணி வந்ததும் வராததுமாக என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். கைப்பையை வைக்காமல், வாசல்படியிலேயே நின்று, முழுவதையும் சொல்லச் சொன்னாள். அம்மா மூன்றாவது மணிக்கு எங்கே நின்றாள், எந்தக் கையில் வயர், எந்தக் கையில் கத்தரிக்கோல் என்று துருவித் துருவிக் கேட்டாள். நான் அன்றைக்குப் பேசியது என் ஒரு மாதப் பேச்சு இருக்கும்.

உள்ளே போனோம். அம்மா தாழ்ப்பாளருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, அப்பாவின் ஸ்க்ரூடிரைவரால் அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே சிவப்பு வயரின் நுனி, எதிலும் சேராமல், ஒரு ஸ்க்ரூவைச் சுற்றிச் சும்மா நின்றது. அண்ணி போய் அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா," என்றாள் அம்மா, "இது எதுலயும் சேரலையே."

"இல்லை அத்தை."

"அந்தப் பக்கம், விளக்குலயும் சேரலை. பாத்துட்டேன்."

அண்ணி கைப்பையின் பட்டையை விரலில் சுற்றிக்கொண்டாள்.

அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல், வயர் நுனியை நகத்தால் சீவிக்கொண்டிருந்தாள். "உசிர் இல்லாத வயரை இவ்வளவு தூரம் இழுத்திருக்கே. நல்ல வயரு. வீணா." கொஞ்சம் பொறுத்து, "காத்துல வர்றது ஒருநாள் வரும், ஒருநாள் வராது. இதுலயே குடு. நான் பிடிச்சுக்கறேன், நீ ஈயம் வை," என்றாள்.

அண்ணி சூட்டுக்கோலை எடுத்துவர ஓடினாள். அம்மா வயரை இரண்டு விரலால் ஆடாமல் பிடித்துக்கொள்ள, அண்ணி உதட்டைக் குவித்துப் புகையை ஊதி ஊதி ஒட்டினாள். நான் வாசலில் போய் நின்று, சொன்னபோது அமுக்கினேன். விளக்கு மினுக்கியது. அம்மா இந்தமுறை முறுக்கப் போகவில்லை.

"அடுப்புக்கும் ஒண்ணு இழு," என்றாள், ஸ்க்ரூவைப் பூட்டிக்கொண்டே. "சிவப்பு வேண்டாம், மஞ்சள் போடு. ரெண்டும் ஒரே நிறமா இருந்தா எது எங்க போகுதுன்னு நான் வீடு பூரா அலையணும்."

அந்த நேரத்தில் உள்ளே ஃப்ரிட்ஜ் அழத் தொடங்கியது. பால் எடுத்தவள் நான்தான், பரபரப்பில் கதவைச் சாத்தவில்லை போலிருக்கிறது. அண்ணியும் நானும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பினோம். அம்மா எங்கள் இருவர் தலையும் திரும்புவதைப் பார்த்தாள்.

"என்ன, அழுதா?" என்றாள்.

"ஆமா அத்தை."

அம்மா முக்காலியிலிருந்து எழுந்து, பிஸ்கட் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, உள்ளே விரலை விட்டுத் துழாவினாள்.

"பச்சை வயர் இருக்கா?"